அறுக்காத பழம்

2025 கோடையில் தமிழ்நாட்டில் இரண்டு வீடியோக்கள் ஓடின. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் பக்கத்துச் சங்கதி. வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டிக்காரர் ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டு, மனசு சரியில்லையா, எங்க ஊருக்கு வாங்க என்று கூப்பிட்டார். ஜூன் மாதம். ஜனம் காரெடுத்துக்கொண்டு வந்துவிட்டது. பிளவக்கல் அணைக்குள் யாரையும் விடுவதில்லை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. மேற்கு மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகளை நம்பி, நெல்லும் தென்னையும் மாவுமாக இத்தனை காலம் தன்பாட்டுக்குக் கிடந்த சீமை இது. கூப்பிட்டவர் யாரென்று தெரியாது, ஊரைப் பார்த்ததில்லை, ஆனாலும் நம்பி வந்தார்கள். பெட்ரோல் காசைத் தவிர யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

முதல் வீடியோ அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தியது. சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், சாயம் ஏற்றிய தர்பூசணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்துக் காட்டினார். தாளில் சிவப்பு ஒட்டினால் சந்தேகப்படுங்கள் என்பது செய்தி. எரித்ரோசின் என்ற சாயத்தின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துபோயிற்று. அது செல்போன்களில் சுற்றிச் சுற்றி வந்ததில், 'இப்படி இருந்தால்' என்கிற பகுதி உதிர்ந்துபோய், 'இப்படித்தான் செய்கிறார்கள்' என்பது மட்டும் மிஞ்சியது. ஊசி போட்ட பழம் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்றார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை பக்கம் கொடியில் பழம் முற்றி நின்ற நேரம் அது. தர்பூசணி நெல்லைப் போலக் களஞ்சியத்தில் காத்திருக்காது. மூன்று மாதப் பயிர். பழுத்த பிறகு சில நாள்தான் தவணை. வியாபாரி வரவில்லை, வந்தவன் கேட்ட விலை பறிக்கிற கூலிக்குக் காணாது. பலர் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

பிறகு விளக்கங்கள் வந்தன. விவசாயிகள் போராடினார்கள், இழப்பீடு கேட்டார்கள். தோட்டக்கலைத் துறையினர் வயலுக்கே போய்ப் பழத்தை அறுத்துத் தின்று காட்டினார்கள். அந்த அதிகாரி மாற்றப்பட்டார். அதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

ஊசி போட்டால் என்னதான் ஆகும் என்று கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் போதும். பறித்த பழத்துக்குள் எதுவும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. குத்திய இடத்தில் சாயம் திட்டாகத் தேங்கும். ஓரம்வரை ஒரே சீராகப் பரவ வழியில்லை. துளை வழியே கிருமி புகுந்து, அந்த வெயிலில் ஓரிரு நாளில் பழம் புளித்து நுரைக்கும். லாரி லோடில் இருக்கிற ஆயிரக்கணக்கான பழங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஊசி போட ஆள் கூலி என்ன ஆகும்? அதுவும் எதற்கு? இன்றைய கலப்பின ரகங்கள் லைக்கோப்பீன் நிறமியால் தாமாகவே செக்கச்செவேலென்று இருக்கின்றன. கணக்குத் தெரிந்த எந்தக் கள்ளனும் இந்தக் களவைச் செய்யமாட்டான். ஆனால் பயம் கணக்குப் பார்த்து வருவதில்லையே.

பாலில் தண்ணீர் கலப்பது நமக்குப் புதிதில்லை. மிளகாய்த் தூளில் செங்கல் பொடி, டீத்தூளில் புளியங்கொட்டைத் தோல் என்று எத்தனையோ கேட்டுவிட்டோம். திட்டிக்கொண்டே வாங்குகிறோம். இவையெல்லாம் பல கை மாறி வருகிற பண்டங்கள் என்று மனசுக்குத் தெரியும். பழம் வேறு. தோலோடு, மூடிய வாயோடு, மரத்திலிருந்து நேரே வருகிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது பழம்தான் வாங்கிப் போகிறோம். சாமிக்குப் படைப்பதும் பழம், பெண் பார்க்கத் தட்டில் எடுத்துப் போவதும் பழம். மனிதக் கை படாதது என்று நாம் நம்புகிற கடைசிப் பண்டம் அது. அதற்குள்ளும் ஒருவன் ஊசியோடு புகுந்துவிட்டான் என்றால் வேறு எங்கே ஒதுங்குவது? தர்பூசணிப் பயம் அத்தனை வேகமாகப் பரவியதற்குக் காரணம் சாயம் இல்லை, அந்த ஊசி.

மாம்பழத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கோயம்பேட்டிலோ மதுரையிலோ கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைப் பறிமுதல் செய்து குழியில் கொட்டி அழித்தார்கள் என்று செய்தி வரும். இது வதந்தி இல்லை. கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும்; வெல்டிங் பட்டறையில் எரிவது அதே வாயுதான். கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் சிறிதளவு கலந்திருக்கும். அதனால்தான் சட்டம் அதைத் தடை செய்து, எத்திலீன் வாயுவை மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. ஆனாலும் கார்பைடு செய்தியால் மாம்பழ வியாபாரம் ஒரேயடியாகப் படுத்ததாகக் கேட்டதில்லை. செய்தியைப் படித்துவிட்டு, மாலையில் மஞ்சளாக மினுங்குகிற பழத்தைத்தான் தேடி எடுக்கிறோம். நடக்காத ஊசிக்கு நடுங்கினோம். வருஷாவருஷம் நடக்கிற கல்லோடு குடும்பம் நடத்துகிறோம். ஊசிக்காரன் முகமில்லாதவன், நமக்குக் கெடுதல் செய்யவே வந்தவன். கல் வைப்பவனை நமக்குத் தெரியும். அவசரக்காரன், காசுக்கு ஆசைப்பட்டவன். அந்த அவசரத்தில் நமக்கும் பங்கிருக்கிறது. பங்குனியிலேயே மாம்பழம் கேட்டது நாம்தானே?

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர் என்று மலையை ஒட்டிக்கொண்டே போனால் மாந்தோப்புகள். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்த மண்ணின் ரகங்கள். தோப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர், காய்க்கு உரிமைக்காரர் வேறொருவர். பூவெடுக்கும்போதோ பிஞ்சு பிடிக்கும்போதோ மரத்தை அண்ணாந்து பார்த்தே ஒரு தொகை பேசிக் குத்தகை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற மழை, காற்று, தத்துப்பூச்சி, மலையிறங்கி வருகிற யானை எல்லாம் குத்தகைதாரர் தலையில். காய் இறக்குகிற அன்று பார்க்க வேண்டும். விடியற்காலம் இருட்டோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். நீண்ட தொரட்டி, அதன் முனையில் கத்தியும் வலைப்பையும். காம்பைக் கொஞ்சம் விட்டு அறுக்க வேண்டும். அடியோடு ஒடித்தால் பால் பீறிட்டுத் தோலில் வடியும், வடிந்த தடம் மறுநாள் கறுத்துப்போகும், கறுத்த காய்க்கு விலை பாதி. அந்தப் பால் கையில் பட்டால் புண்ணாகும். இறக்குகிற பெண்கள் முழங்கைவரை பழைய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காயைக் குப்புறக் கவிழ்த்துப் பால் வடியவிட்டு அடுக்குவார்கள். எவனோ விஷம் வைத்தான் என்று நாளைக்கே ஒரு செய்தி வந்தால், அது முதலில் வந்து விழுவது இந்தக் குவியலின் மேல்தான்.

தர்பூசணி விவகாரம் ஓடிய சமயத்தில் ஒரு குத்தகைதாரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நமக்கென்ன அண்ணாச்சி, அது தர்பூசணி" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் நின்று, "மாங்காய்க்கு எவனாவது கிளப்பிவிட்டா நான் யார்கிட்டப் போயிச் சொல்ல? தின்னு காட்டச் சொல்லுவாங்களா? எத்தனை காய அண்ணாச்சி தின்னு காட்டுறது?" என்று கேட்டார். சிரித்தோம். அவர் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

இந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டிருக்கிறது. 1989 மார்ச் 2, சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அமெரிக்காவுக்குப் போகும் பழங்களில் சயனைடு வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். சில நாள் கழித்து மறுபடியும் அழைப்பு. அந்நாட்டில் சர்வாதிகாரி பினோசே ஆட்சியின் கடைசிக் காலம் அது. வடகோளத்தில் குளிர் நிற்கும்போது அங்கே திராட்சை பழுக்கும். அமெரிக்கக் கடைகளில் அந்த மாதங்களில் இருக்கிற திராட்சை பெரும்பாலும் சிலியினுடையது. பிலடெல்பியா துறைமுகத்துக்கு வந்த அல்மேரியா ஸ்டார் என்ற கப்பலின் சரக்கைச் சோதித்தார்கள். பெட்டி பெட்டியாக வந்த சரக்கில் இரண்டே இரண்டு சிவப்புத் திராட்சைகளில் சந்தேகத் தடம். ஆய்வுக்கூடம் சயனைடு என்றது. கிடைத்த அளவு ஒரு குழந்தையைக்கூட நோயில் தள்ளாது என்று சோதித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மார்ச் 13ஆம் தேதியிலிருந்து சிலிப் பழம் மொத்தமும் நிறுத்தப்பட்டது. இருப்பில் இருக்கிற சிலிப் பழத்தைத் தின்னாதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். கனடாவும் ஜப்பானும் நிறுத்தின.

அந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது திராட்சை கிடைக்கவே இல்லை. சில நாளில் தடையைத் தளர்த்தினார்கள். சிலிக்கு ஏற்பட்ட நஷ்டம் 30 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கில் வேலை போனது. பறித்தவர்கள், பெட்டி கட்டியவர்கள், பெரும்பாலும் பருவக்கூலிக்கு வந்த பெண்கள். சிலியில் வைத்த சயனைடு அத்தனை நாள் கடல் பயணத்தில் பழத்தின் புளிப்பில் கரைந்து ஆவியாகியிருக்குமே, எப்படி மிஞ்சியது என்று பிற்பாடு சில ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஒருமித்த பதில் வரவில்லை. போன் செய்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

முகமில்லாதவன் முகமில்லாதவனாகவே போய்விடுவது இந்தக் கதைகளில் வாடிக்கை. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்ட்ராபெரிக்குள் தையல் ஊசி. அங்கே ஊசி நிஜம். செய்தி பரவியதும் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள். நிறைய வெறும் விளையாட்டும் பொய்யும். நியூசிலாந்துக் கடைகள் அலமாரியைக் காலி செய்தன. விளைந்த பழத்தை டன் டன்னாகக் குழியில் கொட்டினார்கள். தண்டனையைப் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்திச் சட்டம் வந்தது. ஒரு பெண் மேல் வழக்குப் போட்டு, 2021இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குற்றவாளி கிடைக்காத இடத்தில் தண்டனை காலியாகத் தொங்கிக்கொண்டிருக்காது. கைக்கெட்டுகிற யார் மேலாவது இறங்கிவிடும். கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவர் விளைவித்தவர்.

நிஜமான குறை கண்டுபிடிக்கப்பட்ட ஏற்றுமதிக் கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடை செய்தது. கூடவே கத்தரி, பாகல், புடலை, சேம்பு. லண்டனில் புடலங்காய்க் கூட்டு வைக்க முடியாமல் போன தமிழர்கள் அந்த வருஷத்தை மறந்திருக்கமாட்டார்கள். முந்தின ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தன என்பது காரணம். அல்போன்சா வியாபாரிகள் கொதித்தார்கள். நானும் அப்போது கோபப்பட்டவன்தான். ஆனால் இன்று பார்த்தால் அது நாணயமான தடை. இன்ன குறை, இத்தனை சரக்கில், இன்ன பூச்சி என்றது. குறைக்குப் பெயர் இருந்ததால் மருந்தும் இருந்தது. வெந்நீரில் முக்கினார்கள், கட்டும் கூடங்களைச் சீர் செய்தார்கள், ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள், 2015 ஜனவரியில் மாம்பழத் தடையை விலக்கிக்கொண்டார்கள். இல்லாத குறைக்கு எந்த வெந்நீரில் முக்குவது?

2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தபோது இரண்டும் கலந்த ஒரு நிலைமை. நோய் நிஜம், பழந்தின்னி வௌவால் மேல் சந்தேகமும் காரணமுள்ளது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் கேரளத்துப் பழம் காய்கறி மொத்தத்தையும் நிறுத்தின. வௌவால் எந்தக் காலத்தில் கிழங்கைக் கடித்தது என்று யாரும் கேட்கவில்லை. பயந்தவனுக்கு ரகம் பிரிக்க நேரமில்லை என்பது புரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இது. காற்று திசை மாறினால் இந்தப் பக்கமும் வரும்.

குத்தகைதாரர் கேள்விக்கு வருகிறேன். எத்தனை காயைத் தின்று காட்டுவது? வியாபாரி வந்தால் குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து அறுக்கிறான். சதையைப் பார்க்கிறான், மோந்து பார்க்கிறான், ஒரு துண்டைத் தின்கிறான். சரி என்கிறான். அறுத்த பழம் விலைக்கு உதவாது. விலைக்குப் போகிற மீதிப் பழம் எதையும் அவன் பார்க்கவில்லை. பிலடெல்பியாவிலும் இதே சங்கடம்தான். வெள்ளைக் கோட்டும் கருவியும் வந்தாலும் சோதிக்கத் திராட்சையை நசுக்கியாக வேண்டும். நசுக்கிய திராட்சையை யாரும் தின்னப்போவதில்லை. சோதித்த பழத்தை யாரும் தின்பதில்லை. தின்கிற பழத்தை யாரும் சோதித்ததில்லை. சான்றிதழ், முத்திரை, ஆய்வுக்கூட அறிக்கை என்று நம் கைக்கு வருவதெல்லாம் இறந்துபோன பழத்தின் சாட்சி. உயிரோடிருக்கிற பழத்துக்கு அதைக் கைமாற்றி எடுத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்துக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாகவே இருந்தது. நம்பிக்கை என்பது சோதனை போதாத இடத்தை நிரப்ப வருகிற மட்டமான சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல கருவி வந்தால் நம்பிக்கைக்கு வேலை இருக்காது என்று. அப்படியில்லை போலிருக்கிறது. உலகத்தில் எந்த வாயும், எந்தக் காலத்திலும், தெரிந்துகொண்டு தின்றதில்லை. ராஜாவுக்கு முன்னால் ஒருவன் ருசி பார்த்தானே, அவன் தின்றது வேறு கவளம், ராஜா தின்றது வேறு கவளம். ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் முகம் தெரியாத நூறு பேரின் கையிலிருந்து வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறோம். போட்டுக்கொள்வதாலேயே அவர்களோடு ஒரு சம்பந்தம் வைத்துக்கொள்கிறோம். ஊரில் விலைக்கு விற்பதும் வாங்குவதும் இந்தச் சம்பந்தத்தின் மேல்தான் நடக்கிறது. சந்தேகம் வந்துவிட்டால் அதைத் தீர்க்கச் சோதனையால் முடியாது. கடைசிப் பழத்தையும் அறுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பேன் என்பவனுக்கு, தீர்ந்த பிறகு தின்னப் பழம் இருக்காது.

அதற்காக அதிகாரி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? கூடாது. கார்பைடுக் கிடங்கைப் பூட்ட வேண்டியவர் அவர்தான். சிலி வியாபாரிகளும் அமெரிக்க இறக்குமதியாளர்களும் அமெரிக்க அரசின் மேல் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு, அதிகாரிகள் தம் விவேகத்துக்கு உட்பட்டு எடுத்த முடிவு என்று சொல்லி 1995இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. எச்சரிக்கும் முன் நஷ்டக் கணக்குப் போடுகிற அதிகாரி, உண்மையான விஷம் வருகிற அன்றும் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் எந்தக் கடை, எந்த லோடு, எத்தனை பழம் என்ற மூன்றையும் சொல்லாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது. அது கூமாப்பட்டிக்கு வாங்க என்று கூப்பிடுவதைப் போல, வராதீர்கள் என்று கூப்பிடுவது. சர்க்கார் முத்திரையோடு வேறு.

அப்படியும் தவறு நேரும். நேரும்போது அந்த நஷ்டம் யாருடையது? வறட்சிக்கு நிவாரணம் உண்டு, வெள்ளத்துக்கு உண்டு, பயிர்க் காப்பீட்டில் புயலுக்கும் பூச்சிக்கும் இடமுண்டு. வதந்திக்குக் கலம் இல்லை. நன்றாக விளைந்து, ஆள் வாங்காமல் அழுகிய பயிரை எந்தப் படிவத்தில் எழுதுவது? பயந்தது ஊரெல்லாம், கட்டியது காட்டுக்காரன் மட்டும். பயத்தால் நமக்கு ஒரு ரூபாய் செலவில்லை என்பதால்தான் அத்தனை தாராளமாகப் பயந்தோமோ என்னவோ.

மாந்தோப்புக் குத்தகைதாரருக்கு அந்தப் படிவம் வந்தாலும் பிரயோஜனமில்லை. மரம் அவர் பேரில் இல்லை, பட்டா அவர் பேரில் இல்லை, குத்தகைக்கு எழுத்தும் கிடையாது. அடுத்த பருவத்துக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். காகிதம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் எங்கப்பா காலத்துலருந்தே கிடையாது அண்ணாச்சி" என்றார். பணத்தை மட்டும் இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்துக்கொண்டார்களாம்.